மாறியது ஆளா, நாற்காலியா? வீல்சேர் திறனை அளக்க நாங்கள் கட்டிய தடம்

தண்டுவடம் அடிபட்டவர் பயிற்சி முடித்து வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் கொடுக்கிற டிஸ்சார்ஜ் தாளில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: "வீல்சேரில் சுயமாக இயங்குகிறார்." அதை வைத்து அவர் வீட்டு வாசற்படியைத் தாண்டுவாரா, தெருமுனைக் கடை வரை போய்த் திரும்புவாரா, கீழே விழுந்தால் தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறுவாரா என்று எதுவும் சொல்ல முடியாது. வழவழப்பான வார்டுத் தரையில் பத்தடி ஓட்டுகிறவருக்கும் அந்த வரிதான். அரையடி நடைபாதை விளிம்பை ஏறி இறங்குகிறவருக்கும் அந்த வரிதான்.

நான் தென் மாவட்டம் ஒன்றில் ஒரு சிறிய மறுவாழ்வு மையத்தில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்தவர்கள், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவர்கள், பைக் விபத்தில் அடிபட்டவர்கள்தான் அதிகம். அவர்களுடைய முன்னேற்றத்தை எண்ணாக எழுதிவைக்க எங்கள் வளாகத்திலேயே ஒரு சோதனைத் தடம் கட்டினோம். அதை எப்படிக் கட்டினோம், எதை அளக்கிறோம், எண் எந்த இடத்தில் நம்மை ஏமாற்றும் என்பதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இருக்கும் பிசியோக்களுக்கும், வீட்டில் இருந்தே பழகுகிறவர்களுக்கும் உதவும்.

ஏற்கெனவே இருக்கிற அளவைகளைப் பற்றி முதலில் கொஞ்சம். தண்டுவடப் பாதிப்புக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்தும் 'ஸ்கிம்' என்ற அளவை 100 மதிப்பெண்ணுக்கு. சாப்பாடு, குளியல், மூச்சு, சிறுநீர், மலம், நடமாட்டம் எல்லாம் அதில் அடக்கம். நல்ல அளவைதான். ஆனால் வீட்டுக்குள் நடமாடுவதற்கு அதில் இருக்கும் 8 மதிப்பெண்ணில், கையால் தள்ளும் வீல்சேரில் யார் உதவியும் இல்லாமல் போகிறவருக்கு 2 கிடைக்கும். அதற்கு மேலுள்ள மதிப்பெண் எல்லாம் நடப்பவர்களுக்கு. கால் திரும்ப வராத ஒருவர் 2-ஐத் தொட்ட நாளிலேயே அந்த வரியில் அவர் கதை முடிந்துவிடும். அதன்பிறகு அவர் கற்றுக்கொள்கிற எதுவும் அங்கே பதிவாகாது. மாதக்கணக்கில் உழைத்தவரிடம் "மார்க் அதேதான்" என்று காட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வேலையில் இறங்கியதற்கு அதுதான் காரணம்.

வீல்சேர் ஓட்டும் திறனுக்கென்றே உள்ள அளவைகளில் பேர் பெற்றது 'வீல்சேர் ஸ்கில்ஸ் டெஸ்ட்'. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் உள்ள டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் டாக்டர் லீ கிர்பியும் அவர் குழுவும் உருவாக்கியது. கையேடும் படிவமும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 10 மீட்டர் முன்னால் ஓட்டுவதில் தொடங்கி, பின்னால் ஓட்டுவது, இருந்த இடத்திலேயே திரும்புவது, தரையில் கிடப்பதை எடுப்பது, சரிவு ஏறுவது, விளிம்பு ஏறுவது, முன் சக்கரத்தைத் தூக்கிச் சமநிலையில் நிற்பது, தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறுவது வரை முப்பது சொச்சம் திறன்கள். நெதர்லாந்தில் உருவான 'வீல்சேர் சர்க்யூட்' எட்டு வேலைகளைக் கொண்டது. அதில் சில வேலைகளுக்கு வீல்சேர் ஏறக்கூடிய டிரெட்மில் வேண்டும். எங்களிடம் அது கிடையாது. அதனால் அதிலிருந்து 15 மீட்டர் வேக ஓட்டத்தையும் எட்டு வடிவ ஓட்டத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். மற்றதெல்லாம் கனடாக்காரர்களின் பட்டியலிலிருந்துதான்.

கட்டியது எப்படி

சரிவுதான் பெரிய வேலை. பட்டியலில் இரண்டு சரிவுகள்: 5 டிகிரி, 10 டிகிரி. கொத்தனாரைக் கூப்பிட்டு சிமெண்டில் போடலாம் என்றுதான் முதலில் பேச்சு. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்ததில் கடையில் கிடைக்கும் பொருளே பொருந்தி வந்தது. எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை 244 செ.மீ. நீளம். அதன் ஒரு முனையை 8 அங்குல ஹாலோ பிளாக் ஒன்றின் மேல், அதாவது 20 செ.மீ. உயரத்தில், ஏற்றி வைத்தால் சரிவு 4.7 டிகிரி. கட்டட விதிகள் சொல்லும் 1:12 சாய்தளமும் ஏறக்குறைய இதுவேதான். அதனால் இந்தப் பலகையில் ஏறுகிறவர், விதிப்படி கட்டிய வங்கிச் சாய்தளத்திலும் ஏறுவார் என்று தைரியமாகச் சொல்லலாம். இரண்டு பிளாக் அடுக்கினால் 9.4 டிகிரி. எங்கள் வராண்டா தரையிலிருந்து பதினாறு அங்குல உயரம் என்பதால், இந்த 9.4 டிகிரிப் பலகையின் மேல்முனையை நேராக வராண்டாவோடு சேர்த்துவிட்டோம். ஏறியதும் நிற்க இடம் தானாகக் கிடைத்தது. சின்னச் சரிவுக்கு மேலே மட்டும் ஒரு தனி மேடை.

பலகை 19 மி.மீ. கனம். அப்படியே வைத்தால் நடுவில் தொய்யும். ஆள் நடுவில் வரும்போது கீழ்ப்பாதி தட்டையாகவும் மேல்பாதி செங்குத்தாகவும் மாறிவிடும். நாம் அளப்பது 5 டிகிரியே இல்லை என்றாகிவிடும். அடியில் நீளவாக்கில் மூன்று நாலங்குலச் சட்டம் அடித்த பிறகுதான் அசையாமல் நின்றது. நாற்காலியும் அதில் இருப்பவரும் பின்னால் காவலுக்கு வருகிறவரும் சேர்ந்து 140 கிலோ வரை வரும் என்று வைத்துக்கொண்டு ஆசாரியிடம் சொல்லுங்கள். இரண்டு ஓரத்திலும் ரீப்பர் அடித்தது சக்கரம் நழுவாமல் இருக்க. பலகையின் கீழ்முனையில் அந்த 19 மி.மீ. விளிம்பு அப்படியே நிற்கும். முன் சக்கரம் அதில் முட்டினால் சரிவு ஏறும் சோதனை நிலைப்படி தாண்டும் சோதனையாகிவிடும். முனையைச் சீவி, மேலே அலுமினியத் தகடு அடித்துச் சரிசெய்தோம். மேற்பரப்பில் பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவியதால் வழுக்குவதில்லை.

விளிம்புகளுக்கு இரண்டு மேடைகள், நாலடிக்கு நாலடி. ஒன்று 2 அங்குல உயரம், இன்னொன்று 4 அங்குலம். தனித்தனியாக வைத்தால் 5 செ.மீ., 10 செ.மீ. ஒன்றின் மேல் ஒன்றை வைத்துத் திருகினால் 15 செ.மீ. நகரத்து நடைபாதை விளிம்புகள் பலவும் ஏறக்குறைய அந்த உயரம் இருக்கும். மிச்சம் வந்த பிளைவுட் துண்டு 2 செ.மீ. நிலைப்படியாகிவிட்டது.

மென்தரைக்கு மணல் கொட்டியது பலிக்கவில்லை. காய்ந்த மணலில் சக்கரம் புதையும். ராத்திரி மழை பெய்தால் மறுநாள் அதே மணல் கெட்டிப்பட்டு சிமெண்ட் தரை மாதிரி ஆகிவிடும். எந்த இரண்டு நாளையும் ஒப்பிட முடியாது. இப்போது உடற்பயிற்சி அறையின் பழைய 2 அங்குல மெத்தையைத் தரையில் விரித்து அதன் மேல் 2 மீட்டர் ஓட்டச் சொல்கிறோம். மணலைப் பழகுவதற்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

10 மீட்டர், 15 மீட்டர் கோடுகளை வராண்டாவில் மஞ்சள் பெயின்டில் போட்டோம். டேப் பிடித்துக் கோடு போடுவதற்கு முன் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். நம் ஊர் வராண்டா எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள். நீளவாக்கில் வாட்டம் இருந்தால் ஒரு பக்கம் போகும்போது வேகமும் திரும்பும்போது தாமதமும் வரும். குறுக்காக இருந்தால் நாற்காலி பள்ளத்துப் பக்கம் இழுக்கும். ஒரு கை அதிகம் வேலை செய்யும், அதைப் பார்க்கிறவர் அந்தத் தோளில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார். எங்களுடையதில் நீளவாக்கில் லேசான வாட்டம் உண்டு. அதனால் எப்போதும் போகவும் வரவும் இரண்டு முறை ஓட்டி, சராசரியைத்தான் எழுதுகிறோம்.

நாற்காலி கவிழாமல் பின்னால் நின்று பார்த்துக்கொள்பவரைக் காவலர் என்கிறோம். அவருக்கு ஒரு பட்டை. நாடாக் கட்டிலுக்குப் பின்னும் அகல நாடாவை வாங்கி, நாற்காலியின் பின்சட்டத்தில், அதாவது இரும்புக் குழாயில், கட்டிக் காவலர் கையில் சுற்றிப் பிடித்துக்கொள்கிறார். முதுகுத் துணியில் கட்டக் கூடாது, கிழிந்துவிடும். சரிவு, விளிம்பு, முன் சக்கரம் தூக்குவது ஆகிய மூன்றையும் இந்தப் பட்டை இல்லாமல் யாருக்கும் சோதிப்பதில்லை, எத்தனை தேறியவராக இருந்தாலும் சரி.

முதலில் நாற்காலிக்குச் சோதனை

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியையும் தரையையும் அசையாமல் நிறுத்தினால்தான் ஆளுடைய மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

டயரில் காற்று குறைந்தால் ஒவ்வொரு தள்ளுக்கும் கூடுதல் பலம் வேண்டும். முன் சக்கர அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொள்ளும். வார்டில் ஓடும் நாற்காலியில் இது நடந்தே தீரும். பின் சக்கர அச்சு எங்கே இருக்கிறது என்பது இன்னும் பெரிய விஷயம். அச்சு முன்னால் தள்ளியிருந்தால் எடை பெரிய சக்கரத்தின் மேல் இறங்கும், உருளுவது சுலபமாகும், முன் சக்கரமும் லேசாகத் தூக்கும். கூடவே பின்னால் கவிழும் ஆபத்தும் கூடும். மடக்கி வைக்கிற சாதாரண ஆஸ்பத்திரி நாற்காலியில் அச்சு பின்னால் இருக்கும், நகர்த்தவும் முடியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை முன் சக்கரம் தூக்கத் தெரியாதவர் என்று எழுதிவிட்டால், எழுதியது நாற்காலியைப் பற்றித்தான்.

அதனால் ஓர் உருட்டுச் சோதனை வைத்தோம். நாற்காலியில் 25 கிலோ அரிசி மூட்டை இரண்டை ஏற்றிக் கட்டுவது. சின்னச் சரிவில் பாதி உயரத்தில் போட்ட கோட்டில் பின் சக்கரத்தை நிறுத்தி, முன் சக்கரங்களை நேராக்கி, கையை எடுத்துவிடுவது. தானாக உருண்டு வந்து எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் குறி. நல்ல நிலையில் உள்ள நாற்காலி எங்கள் தரையில் ஆறேழு மீட்டர் போகும். ஒவ்வொரு நாற்காலிக்கும் அதன் வழக்கமான தூரத்தை அதன் பின்சட்டத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். சோதனை நாளன்று முதலில் மூட்டை உருளும், பிறகுதான் மனிதர்.

இது தேவையா என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பனையிலிருந்து விழுந்து, தொப்புள் அளவுக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் இல்லாமல் வந்த ஒரு தம்பி. இருபத்து நாலு வயது. நன்றாகத் தேறிக்கொண்டிருந்தவருக்கு ஒரு வாரம் 10 மீட்டர் நேரம் கூடிவிட்டது, சரிவிலும் பாதியில் நின்றார். முகம் வாடிப்போனது. "இவ்வளவுதான் போல சார்" என்றார். அன்று மூட்டையை வைத்து உருட்டினால் நாற்காலி வழக்கமான தூரத்தில் பாதிகூடப் போகவில்லை. இடது முன் சக்கரத்தைக் கழற்றினால் அச்சு முழுக்க நூல் கற்றை. அதை வெட்டி எடுத்து, டயருக்குக் காற்றடித்து, மறுநாள் ஓட்டினால் பழைய நேரத்தைவிடக் குறைவாகவே வந்தது. அந்த வாரத்தில்தான் அவர் உண்மையில் முன்னேறியிருக்கிறார். நாற்காலி அதை மறைத்து வைத்திருந்தது. அந்த எண்ணை மட்டும் பார்த்து ஊக்கம் இழந்திருந்தால் அதற்கு யார் பொறுப்பு?

நடுவில் நாற்காலி மாறினாலும் இதே கதைதான், எதிர்ப்பக்கமாக. ஐஐடி மெட்ராஸில் உருவாகி நியோமோஷன் தயாரிக்கும் நியோஃப்ளை மாதிரி, உடம்பு அளவுக்குப் பொருத்தித் தரும் நாற்காலிக்கு மாறியவரின் மதிப்பெண் ஒரே நாளில் எகிறும். அது நல்ல செய்தி, ஆனால் அதைப் பயிற்சியின் கணக்கில் எழுதக் கூடாது. ஒரே வாரத்தில் பழையதிலும் புதியதிலும் அளந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறோம். இப்படி எழுதிய தாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. நல்ல நாற்காலிக்கு உதவி கேட்டு விண்ணப்பிக்கும்போது, "இந்த நாற்காலியில் இவரால் இன்னின்ன முடிகிறது, அதில் முடியவில்லை" என்று இணைக்க இதைவிட வலுவான காகிதம் இல்லை.

எண்களை எழுதும் விதம்

மதிப்பெண்ணுக்கு ஸ்கில்ஸ் டெஸ்டின் 4.3 பதிப்பில் உள்ள முறையை வைத்திருக்கிறோம். முடியவில்லை என்றால் 0, சிரமப்பட்டு முடித்தால் 1, நன்றாக முடித்தால் 2. அந்த நாற்காலியில் இல்லாத பாகம் சம்பந்தப்பட்ட திறன் என்றால் அதைக் கணக்கிலிருந்தே விலக்கிவிட வேண்டும். ஒருவருக்கு 30 திறன்கள் பொருந்தி, கூட்டுத்தொகை 33 என்றால், 60-க்கு 33, அதாவது 55 சதவீதம்.

1-க்கும் 2-க்கும் நடுவில்தான் சண்டை வரும். ஒவ்வொரு சோதனையையும் போனில் படம் எடுத்து, இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போட்டோம். ஒத்துப்போகாத இடங்களை உட்கார்ந்து பேசி ஒரு விதி எழுதிச் சுவரில் ஒட்டினோம். காவலர் பட்டையை இழுத்தாலே 0. சுவரில் இடித்தாலோ இரண்டாவது முயற்சியில்தான் முடிந்தாலோ 1. பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் 2. கடைசி விதி எங்கள் கண்டுபிடிப்பு. தெருவில் போகும்போது யாராவது கூப்பிடுவார்கள், வண்டி வரும். முழுக் கவனத்தையும் சக்கரத்திலேயே வைத்தால்தான் முடியும் என்றால் அந்தத் திறன் இன்னும் தெருவுக்குத் தயாராகவில்லை.

சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. 55 வாங்கிய இரண்டு பேரில் ஒருவர் வீட்டு வேலையெல்லாம் செய்து, வெளியே எங்கும் போக முடியாதவராக இருப்பார். இன்னொருவர் சரிவெல்லாம் ஏறுவார், ஆனால் கட்டிலுக்கு மாற ஆள் வேண்டும். நாங்கள் முழுப் பட்டியலையும் கட்டம் போட்ட தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பாக நிரப்பிக் கட்டிலருகே மாட்டிவிடுகிறோம். எனக்கு அதில் முக்கியம் மஞ்சள்தான். 1 என்று விழுந்திருப்பவை கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை. அடுத்த வாரம் எதைப் பழகுவது என்பதை மஞ்சள் கட்டங்களே சொல்லிவிடும்.

அப்புறம், கட்டத்தின் ஓரத்தில் நொடியையும் எழுதுங்கள். முன் சக்கரம் தூக்கி அசையாமல் நிற்பதற்கு 30 நொடி கெடு. 3 நொடி நின்றாலும் 0, 22 நொடி நின்றாலும் 0. மூன்றிலிருந்து இருபத்திரண்டுக்கு வந்தவர் செய்திருக்கும் உழைப்பு அந்தப் பூஜ்யத்தில் தெரியாது, ஓரத்து எண்ணில் தெரியும்.

10 மீட்டர் ஓட்டத்தில் நேரத்தோடு தள்ளுகளையும் எண்ணுகிறோம். இது எனக்கு மிகவும் பிடித்த அளவு, செலவே இல்லை. மேலே சொன்ன தம்பி ஆரம்பத்தில் 13 நொடியில் 14 தள்ளு தள்ளினார். ஒரு தள்ளுக்கு 71 செ.மீ. பிற்பாடு 10 நொடி, 8 தள்ளு. ஒரு தள்ளுக்கு 125 செ.மீ. வேகம் கூடியதைவிட, தள்ளு இவ்வளவு குறைந்ததில்தான் எனக்குச் சந்தோஷம். இனி ஆயுசு முழுக்க அவர் தோள்தான் அவருக்குக் கால். சின்னச் சின்னதாக அடிக்கடி தள்ளுகிறவர்களின் தோள் சீக்கிரம் தேயும். தண்டுவடம் பாதித்தோரின் கை, தோளைக் காப்பதற்காக அமெரிக்க நிபுணர் குழு 2005-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் வலியுறுத்துகிறது: எண்ணிக்கையைக் குறை, நீளமாக, மிருதுவாகத் தள்ளு. சக்கரத்தைத் தள்ளப் பிடிக்கும் வளையத்தின் உச்சியில் கையை வைத்தால் முழங்கை 100 முதல் 120 டிகிரிக்குள் மடங்கியிருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. படத்தை நிறுத்திப் பார்த்து இதைச் சரிபார்க்கலாம். கை உச்சிக்குப் பின்னாலிருந்து பிடிக்கிறதா, தள்ளி முடிந்ததும் வளையத்துக்குக் கீழாகச் சுற்றித் திரும்புகிறதா என்பதும் பக்கவாட்டுப் படத்தில் தெளிவாகத் தெரியும்.

எவ்வளவு மாற்றத்தை முன்னேற்றம் என்று சொல்வது? இதற்காக நடுவில் பயிற்சி இல்லாமல் அடுத்தடுத்த இரண்டு காலைகளில் அதே ஆட்களை ஓட்டச் சொல்லிப் பார்த்தோம். 10 மீட்டரில் ஒரு நொடி அளவு வித்தியாசம் சும்மாவே வருகிறது. அதற்குள் அடங்கும் மாற்றத்தை நாங்கள் ஏற்றம் என்றும் சொல்வதில்லை, இறக்கம் என்றும் சொல்வதில்லை.

சோதனை எப்போதும் காலையில்தான், வெயில் ஏறுவதற்கு முன். தண்டுவடம் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்புச் சூடு தணியாது. சித்திரை வெயிலில் பிற்பகல் சோதனை வைப்பது அவர்களுக்கு ஆபத்து. தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் ஆறாவது நிலையிலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென்று தலைவலி, முகத்தில் வியர்வை, சிவப்பு என்று வந்தால் உடனே நிறுத்தி, நிமிர்ந்து உட்காரவைத்து, முதலில் சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ரத்த அழுத்தம் எகிறும் அவசர நிலை அது, உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, வழக்கத்தைவிட அதிகத் தசை இறுக்கம் உள்ள நாளில் சோதனை கிடையாது. நடுநடுவே உடலைத் தூக்கி அழுத்தம் குறைக்கும் இடைவேளையும் கண்டிப்பாக உண்டு. மதிப்பெண்ணுக்காக யாரும் படுக்கைப் புண் வாங்கக் கூடாது.

கேட்டு அளப்பது

செய்யச் சொல்லிப் பார்ப்பதோடு, கேள்வி கேட்டு நிரப்பும் படிவமும் அதே கனடாக் குழுவிடம் உண்டு. ஒவ்வொரு திறனுக்கும் மூன்று கேள்வி: முடியுமா, எவ்வளவு நம்பிக்கையோடு, எவ்வளவு அடிக்கடி. எங்கள் பேச்சுத் தமிழில் மாற்றிக் கேட்டோம். நான் கேட்டபோது எல்லோரும் "முடியும் சார்" என்றார்கள். கற்றுக்கொடுத்தவரிடம் முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு என்ற எண்ணம். எங்களோடு பயிற்சி கொடுக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவரும் வீல்சேரில் இருப்பவர். இப்போது கேட்பது அவர் வேலை. அவர் கேள்வியையே திருப்பிப் போட்டுக் கேட்பார்: "கடைசியா எப்ப செஞ்ச?" பதில் உடனே மாறிவிடும். "போன மாசம் ஒருவாட்டி, நீங்க பிடிச்சிருந்தீங்க" என்று வரும்.

வீட்டுக்குப் போன பிறகு இந்தப் படிவம் காட்டுவது இன்னும் அதிகம். கிணற்றில் தவறி விழுந்து முதுகு அடிபட்ட ஓர் அக்கா எங்கள் தடத்தில் 10 செ.மீ. விளிம்பு வரை ஏறினார். வீட்டுக்குப் போய்ச் சில மாதம் கழித்துக் கேட்டால், முடியும் என்ற வரிசை முழுக்க நிரம்பியிருக்கிறது, அடிக்கடி செய்கிறேன் என்ற வரிசை முழுக்கக் காலி. "நீ உட்காரு, நாங்க பாத்துக்கிறோம்" என்று மாமியாரும் பிள்ளைகளும் எதையுமே செய்ய விடவில்லை. பாசம்தான். ஆனால் அப்படியே விட்டால் அந்தத் திறன் கொஞ்ச நாளில் போய்விடும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அண்ணன் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேசினார். குடும்பத்தாரிடம் எண்ணைக் காட்டியதும் பேச்சு எளிதாக நகர்ந்தது என்றார்.

அந்த அக்காவுக்காகவே பட்டியலில் சில வரிகள் சேர்த்தோம். வீட்டில் உடுத்தும் நைட்டியிலோ புடவையிலோ சோதனை. டிராக் பேன்டில் ஜம்மென்று திரும்புகிறவருக்குப் புடவை முந்தானை ஸ்போக்கில் சிக்கும். பக்கத் தடுப்பு உள்ள நாற்காலி வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. மடியில் மரப்பலகை வைத்து அதன் மேல் தண்ணீர்ச் சொம்போடு 10 மீட்டர், சிந்தாமல். சுடுகின்ற எதையும் மடியில் வைக்கக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிக்கொடுக்கிறோம். உணர்ச்சி இல்லாத தொடையில் குழம்புச் சட்டி வைத்தால் தோல் வெந்துபோகும், அவருக்குத் தெரியவே தெரியாது.

குளியலறைக் கதவு இன்னொன்று. வீட்டாரிடம் கதவு அகலத்தை டேப் வைத்து அளந்து சொல்லச் சொல்கிறோம். இரண்டடிக் கதவு பல வீடுகளில். சாதாரண நாற்காலி அதைவிட அகலம். இரண்டு கம்பை அந்த அகலத்தில் நட்டு, அதற்குள் நுழைவதை, முடியாவிட்டால் வாசலிலேயே வேறு இருக்கைக்கு மாறுவதைப் பழக்குகிறோம். இப்படி ஆளுக்கு ஆள் மாறும் இலக்குகளுக்கு, எதிர்பார்த்தது நடந்தால் 0, கூடுதலாக நடந்தால் +1, +2, குறைந்தால் -1, -2 என்று போடும் முறை ஒன்று 1968-இலேயே கிரெசுக், ஷெர்மன் என்ற இருவர் வகுத்தது. பயிற்சி தொடங்கும் முன்பே எது 0, எது +2 என்று அவரோடு உட்கார்ந்து எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால் மனம் போனபடி எழுதிவிடுவோம்.

கழுத்தில் அடிபட்டவர்களிடம் மேலே சொன்ன பட்டியல் பாதிக்கு மேல் சிவப்பாகவே கிடக்கும். விரல் மடங்காது, வளையத்தைப் பிடிக்க முடியாது. அவர்களுக்குச் சின்ன ஏணிப்படியாக வேறு அளவு வேண்டும். வளையத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பிடிமானம் கொடுத்துவிட்டு, 10 மீட்டர் நேரமும் தள்ளும் எண்ணுகிறோம். பிரேக் கம்பியில் பிவிசி குழாய்த் துண்டைச் செருகி நீளமாக்கி, அதை மணிக்கட்டால் பூட்ட எத்தனை நொடி என்று அளக்கிறோம். நாற்பது நொடி இருபதாவது பெரிய முன்னேற்றம். பராமரிப்பவருக்கும் ஸ்கில்ஸ் டெஸ்டில் தனிப் படிவம் இருக்கிறது. மனைவியோ அம்மாவோ அவரை விளிம்பில் ஏற்றி இறக்கத் தெரிந்தவரா என்பதையும் அளந்து அதே தாளில் எழுதுகிறோம். அவர்களுடைய இடுப்பும் உடையாமல் இருக்க வேண்டுமே.

இப்போது டிஸ்சார்ஜ் தாளோடு ஒரு பக்கம் சேர்ந்து போகிறது. நிறக் கட்டம், 10 மீட்டர் நேரமும் தள்ளும், நாற்காலியின் உருட்டுத் தூரம், டயருக்கு எவ்வளவு காற்று, வீட்டு இலக்குகள் மூன்று. மூன்றாம் மாதம் அண்ணன் போன் செய்து படிவத்தை மறுபடி கேட்பார். காற்று அடித்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்து செய்ய வேண்டியது சாக்கடைப் பிளவு. எங்கள் பகுதித் தெருக்களில் மூடுகல் விலகிய இடத்தில் முன் சக்கரம் விழுந்து ஆள் முன்னால் கவிழ்வது அடிக்கடி நடக்கிறது. இரண்டு 4 அங்குல மேடைகளை 15 செ.மீ. இடைவெளி விட்டு வைத்தால் போதும் என்று ஆசாரி சொல்கிறார். இடைவெளிக்கு அடியில் மெத்தைத் துண்டு போட்டு, முன் சக்கரம் முழுதாக இறங்கிவிடாதபடி செய்ய வேண்டும். இன்னொரு 4 அங்குல மேடைக்கு மரம் சொல்லியிருக்கிறோம்.